வெடி வைத்தது பற்றி இருளப்பன் தன் கையால் எழுதிக் கொடுத்தது

பெயர் மூக்கையா இருளப்பன். வயது 71. விலாசம் இல. 27, இரண்டாம் லயன் வீதி, கருக்காமலைத் தோட்டம், ஹுன்னஸ்கிரிய. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. திருமதி ஞானேஸ்வரி தனபாலன் துப்பாக்கியால் சுட்டதாக உள்ள வழக்கில் என் முதல் வாக்குமூலம் பிழையாக இருப்பதால், அதைத் திருத்த இதைத் தருகிறேன். நான் சொல்ல உத்தியோகத்தர் எழுதுவதே வழக்கம் என்றார்கள். நானே எழுதக் கேட்டு அனுமதி பெற்றேன். எழுதப் பழகி எட்டு மாதம்தான் ஆகிறது. எழுத்துப் பெரிதாக இருக்கும், தாள் கூடச் செல்லும்.

அவரை நாங்கள் அம்மா என்போம். ஆறு வருடமாக அறிவேன். கண்டியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். இரண்டு நாடுகளில் தூதுவராக இருந்தவர். கைத்துப்பாக்கிப் போட்டியில் இலங்கைக்காகப் பதக்கம் வாங்கியவர். ஓய்வுபெற்றபின் குண்டசாலையில் இருந்துகொண்டு, தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் வேண்டும், கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடக்காமல் உரியவர் கைக்கு வர வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக ஏறிப் பேசினார். ராஜாக்களோடு மேசையில் சாப்பிட்டவர் எங்கள் வீட்டுப் பால் இல்லாத பிளேன்டியைக் குடித்துவிட்டு, அடுத்த முறை சாயம் கொஞ்சம் கூடப் போடச் சொன்னார்.

சனிக்கிழமைகளில் கண்டியில் சுடும் பயிற்சிக்குப் போகும்போது குறி அட்டை மாற்ற என்னைக் கூட்டிப் போவார். அறுபது தாண்டியவர் கையை நீட்டினால் அது நீட்டியபடியே நிற்கும், மூச்சு விடுவது தெரியாது. முதல் நாள் பத்து முறை சுட்டபின் அட்டையைக் கழற்றப் போனேன். ஐந்து ரூபாய் நாணயத்தால் மூடக்கூடிய ஒரே ஓட்டைதான் இருந்தது. மற்ற ஒன்பதையும் சுவரில் தேடினேன். "அங்க என்னா தேடுறீங்க அண்ணே? எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு" என்றார். அந்த அட்டை என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

2024 ஜனவரி 16ஆம் திகதி காலை பத்தரை மணியளவில் தபால்காரர் இப்ஹாம் முதல் தடவையாக லயத்துக்கு ஏறி வந்தார். "இருபத்தேழு யாரு? காயிதம் வந்திருக்கு" என்றார். "நாந்தான் இருபத்தேழு" என்று கையை உயர்த்தினேன். என் மனைவி அழகம்மா, "இனிமே பேரச் சொல்லிக் கூப்பிட்டா இவரு திரும்ப மாட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு, அதைக் காண வந்திருந்த அம்மா தம் கையால் ஒரு சரவெடியைக் கொளுத்தினார். அது வெடித்துக்கொண்டிருக்கும்போதே கீழ் வளைவில் நின்ற சின்னத்துரையின் ஜீப்பில் பின் கண்ணாடி உடைந்தது. அவர் தோட்டத்து உதவி முகாமையாளர். அம்மா தம்மைச் சுட்டதாக அவர் முறைப்பாடு செய்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதன் பிறகு பிற்பகலில் பொலிஸார் வந்தார்கள். தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவர் என்னிடம் கேட்டார். நான், "அம்மாதான் வெடி வச்சாங்க, நா பக்கத்துலயே நின்னேன்" என்றேன். அவர் சிங்களத்தில் எழுதினார். நான் பெருவிரல் வைத்தேன். எங்கள் பேச்சில் வெடி வைப்பது பட்டாசு கொளுத்துவது. சிங்களத்தில் வெடி தியனவா என்றால் துப்பாக்கியால் சுடுவது. அவர் காதில் விழுந்ததை எழுதினார், பொய் எழுதவில்லை.

அதன் பிறகு தோட்டத்தில் எல்லோரும் வெடி கேஸ் என்றே பேசினார்கள். அனுமதி இல்லாமல் பட்டாசு கொளுத்திய வழக்கு என்று நினைத்திருந்தேன். அம்மா பயிற்சிக்குப் போவதை நிறுத்தினார். காரணம் கேட்டேன். "கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கிறேன் அண்ணே" என்றார்.

சென்ற மாதம் சாட்சிக்கு வரும்படி எனக்கு அழைப்பாணை வந்தது. என் வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதியும் அதில் இருந்தது. வாசித்துக் காட்டட்டுமா என்று இப்ஹாம் கேட்டார். வேண்டாம் என்று நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டு மணித்தியாலம் ஆனது. "துப்பாக்கியால் சுட்டதை அருகில் நின்று கண்டேன்" என்று என் பெயருக்கு மேலே இருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லையோ என்று மூன்று தரம் வாசித்தேன். காரில் பூட்டிய பெட்டியோடு இருந்த அம்மாவின் துப்பாக்கியைப் பொலிஸார் கைப்பற்றியதும், குற்றம் நிரூபணமானால் அவர் சிறை செல்ல நேரும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு பஸ் ஏறிக் குண்டசாலைக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தார், உள்ளே அழைக்கவில்லை. "நீங்க சாட்சிக்காரர். கேசப் பத்தி உங்களோட நான் பேசக்கூடாது" என்றார். நான் நகரவில்லை. "நான் சுடலன்னு சொன்னேன். அதுக்கு மேல என்கிட்ட யாரும் கேக்கல. போயிட்டு வாங்க அண்ணே" என்றார். அதைச் சொல்லும்போது, குறி அட்டையைப் பார்ப்பதுபோல அசையாமல் என்னைப் பார்த்தார். அன்றைக்கே அவர் கண்டிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

அவர் கண்டது இது. அம்மா சரவெடி கொளுத்தியபோது நான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு யானை வெடியைப் பற்றவைத்து, அதன்மேல் வெறும் பால்மா டின்னைக் கவிழ்த்தேன். கடிதம் வந்த சந்தோஷத்தில் செய்தேன். டின் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பி வளைவுப் பக்கம் போனது. கண்ணாடி உடைந்த சத்தமும் கேட்டது. கேளாதவன்போல நின்றேன். என்னிடமும் யாரும் கேட்கவில்லை. அம்மா எனக்கு நேர் எதிரே நின்றார். அந்தக் கண்ணுக்கு ஒரு டின் தப்பாது. பதினாறு மாதமாக அவர் என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை.

இப்படி எழுதினால் என்மேல் வழக்கு வரலாம் என்று உத்தியோகத்தர் இரண்டு தரம் சொன்னார். விளங்கியது. டின் இப்போதும் வளைவுக்குக் கீழே தேயிலைக்குள் கிடக்கலாம், வந்து காட்டுகிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் செய்ததும். யாரும் சொல்லித்தரவில்லை. முழுவதையும் நானே வாசித்துப் பார்த்து, டின்னைக் கவிழ்த்த கையாலேயே ஒப்பமிடுகிறேன்.

மூ. இருளப்பன்
2025.06.03