மணல் மூட்டைக்குக் கை இல்லை

ஐயா, கம்பெனி உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்த விபத்து அறிக்கையில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். தவசிமுத்து கயிற்றைக் கட்டாமல் வேலை செய்ததால் விழுந்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் கட்டியிருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

என் பெயர் வால்டர். வீடு ராயபுரம். எண்ணூரில் எழும்பிக்கொண்டிருக்கும் ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். உயரத்தில் ஏறுகிறவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அறுபத்தொன்பதில் நான் சேர்ந்தபோது, தண்ணீர்த் தொட்டிக்கான தொண்ணூறு அடி இரும்புக் கோபுரத்தில் பெயின்டர்கள் எதையும் கட்டிக்கொள்ளாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் கேட்டு ஐந்து கடிதம் எழுதினேன். பதினோரு மாதம் கழித்து கான்வாஸ் பெல்ட்டுகள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றோடு. பத்தடிக்கு மேல் போகிற எவனும் கயிற்றை இரும்பில் இறுக்கிக் கட்ட வேண்டும் என்று பலகை எழுதி மாட்டினேன். அதன்மேல் சட்டையைக் காயப்போட்டார்கள்.

தவசிமுத்து அவர்களுக்கு மேஸ்திரி. காத்திவாக்கத்துக்காரன். அவனோடு சேர்த்து ஆறு பேர். எல்லோரும் முன்பு கட்டுமரத்தில் போனவர்கள். கடலில் உடம்பை மரத்தோடு கட்ட நேர்ந்தால் அவர்கள் போடும் முடிச்சு ஒன்று உண்டு. கயிற்றின் நுனியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். மரம் கவிழ்ந்தால் நுனியை ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்து ஆள் நீந்தி வெளியே வந்துவிடுவான். கோபுரத்திலும் அதே முடிச்சைத்தான் போட்டார்கள். நான் ஒவ்வொன்றாக அவிழ்த்து இறுக்கிக் கட்டுவேன். கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தால் பழைய முடிச்சு இருக்கும்.

"இன்னா பெல்ட்டு சார், மாட்டக் கட்ற மாரி கட்றே? வைக்கோலும் போட்டுட்டுப் போ."

"அந்த முடிச்சு அவுந்துடும்பா."

"அவுக்கத்தான் சார் அத்தப் போட்டுகினு கீறோம். மரம் கவுந்தா, இறுக்கிக் கட்டுனவன் செத்தான்."

"இது மரம் இல்ல, கோபுரம்."

"கோபுரம் கவுந்தா?"

மற்ற ஐந்து பேரும் சிரிப்பார்கள். இரண்டு வருடம், ஏறக்குறைய தினமும்.

ஒருநாள் செய்தே காட்டினேன். எண்பது கிலோ மணல் மூட்டைக்கு பெல்ட் மாட்டி, அவர்களுடைய முடிச்சைப் போட்டு, எல்லோர் முன்னாலும் மேலிருந்து தள்ளினேன். மூட்டை நாலடி இறங்கித் தொங்கியது. முடிச்சு அசையவில்லை.

"மூட்டைக்கு ஒரு டீ சொல்லு மாமு, பேஜாரா தொங்கிகினு கீது பாரு" என்றான் தவசிமுத்து. அன்று மேனேஜரும் சிரித்தார்.

என் தவறு எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று. மூட்டைக்குக் கை இல்லை. இருபது வருடம் கடலில் கிடந்தவன் திடீரென்று விழுந்தால், அவன் யோசிப்பதற்கு முன்பே கை இடுப்பில் செருகிய நுனிக்குப் போகும். இதைத் தவசிமுத்துவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"என் கை என் பேச்சக் கேக்கும் சார். நீ உன் சோலியப் பாரு" என்றான்.

ஆளை வைத்துத்தான் நிரூபிக்க முடியும் என்ற நிலைக்கு அவர்களே என்னைக் கொண்டுவந்தார்கள்.

போன மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்தரை மணி. மற்றவர்கள் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். நான் மேலே ஏறிப் போய் தவசிமுத்துவின் முடிச்சைப் பார்த்தேன். அவர்கள் வழக்கப்படி ஒழுங்காகப் போட்டிருந்தான்.

"இன்னா சார், இம்மாந்தூரம் ஏறி வந்துகீறே. மூட்ட எங்க?"

தள்ளினேன். பலமாக அல்ல.

நாலடியில் கயிறு அவனைப் பிடித்துக்கொண்டது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம். உயிரோடு தொங்கினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதற்குள் கை இடுப்புக்குப் போய்விட்டது. நான் சொன்னபடியே நுனியை இழுத்தான். தள்ளியது நான், இழுத்தது அவன்.

கயிறும் அவனோடு கீழே போனதால், அவன் கட்டவே இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். "பாவம், கட்டாம வுட்டுட்டான்" என்று அவனுடைய ஆட்களும் பேசிக்கொள்கிறார்கள். இப்போது ஐந்து பேரும் மறக்காமல் கட்டுகிறார்கள், அதே முடிச்சை. மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓர் உயிர் போயும் யாருக்கும் எதுவும் புரியவில்லை. அறிக்கையைத் திருத்தினால் ஐந்து பேர் பிழைப்பார்கள். அதற்காகத்தான் என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன்.

பத்தடி உயரத்தில் தள்ளியிருந்தாலும் இது விளங்கியிருக்குமே என்கிறீர்கள். விளங்கியிருக்கும். ஆனால் பத்தடியில் அவன் எழுந்து, புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஏதாவது சொல்லியிருப்பான். எல்லோரும் சிரித்திருப்பார்கள்.