தெரியாதவர்கள் பெட்டி

சிமென்ட் மூட்டை தூக்குகிறவனுக்குக் கைரேகை சீக்கிரம் தேய்ந்துவிடும் மேடம். என் போனுக்கே என் விரலை அடையாளம் தெரிவதில்லை. எண்களைத் தட்டித்தான் திறப்பேன். வீடு தேடி வந்து, எழுதத் தெரியுமா என்று கேட்டு ஆஸ்பத்திரித் தாளை நீட்டினீர்கள். தெரியும். சொல்லிக்கொடுத்தது என் மகள்.

குடோனிலிருந்து வந்து நான் குளித்து முடித்ததும் பிடித்து உட்கார வைப்பாள். பிழையாக எழுதினால் கையில் ஒரு தட்டு. நான் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவேன். என் மனைவிக்கு எழுத்து வாசனையே கிடையாது. அடுப்படியிலிருந்தே நக்கலடிப்பாள். "உங்கப்பா பெரிய ஆபீசராப் போகப்போறாரு. சட்டையத் தேச்சு வை."

எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து அந்த ஒரு போன்தான். பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ என் மனைவியை ஏமாற்றப் பார்த்த பிறகு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மணி அடிக்காதபடி மகளே மாற்றிவைத்தாள். எனக்கும் பாடம் எடுத்தாள்.

"தெரியாதவங்க அனுப்பினா தனியா ஒரு பெட்டியில போய் நிக்கும்ப்பா. நீங்க ஏத்துக்கிற வரைக்கும் படிச்சது அவங்களுக்குத் தெரியாது. யாருன்னு தெரியலையா, தொடாதீங்க."

பிறகு அவள், குடோனுக்கு லாரி ஓட்டி வந்தவனோடு போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கோபக்காரன் இல்லை. போனில் இருந்த அவள் பெயரை மட்டும் எடுத்தேன்.

கொஞ்ச காலம் கழித்து, வேறொரு எண்ணிலிருந்து அந்தப் பெட்டிக்குள் ஒரு செய்தி வந்தது. "அப்பா, வாத்தியாரம்மா பேசறேன்." கடன் வேண்டுமா என்பவனுக்கும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பவனுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் ஏற்கவில்லை. தடுக்கவும் இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். தடுத்தால் செய்தி வருவது நின்றுபோகும். மதியம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நான் மெதுவாகப் படிப்பவன் என்று தெரிந்து சின்னச் சின்ன வார்த்தையாக எழுதுவாள். அந்த நேரம் முதுகுவலி தெரியாது.

மனைவி தினமும் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுக் கேட்பாள். "ஏங்க, ஏதாவது வந்துச்சா?"

"யாரோ தெரியாதவங்க."

"அவ எழுதுவா, பாருங்க. கல்லு மனசுன்னா அது உங்களுக்குத்தான், அவளுக்கு இல்ல."

சொல்லியிருந்தால் இவள் அன்றைக்கே துணியை மூட்டை கட்டியிருப்பாள். பெற்ற வயிறு கேட்காது. ஒருத்தி போனது போதும் என்று நினைத்தேன். நாளெல்லாம் பாரம் சுமந்துவிட்டு இருட்டு வீட்டைத் திறப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டீர்கள்.

லாரிக்காரன் விட்டுவிட்டுப் போனதையும் எழுதினாள். மாசமாக இருப்பதையும் எழுதினாள். குரலாக ஒன்று அனுப்பினாள், அம்மாவுக்கு என்று. ஏற்றால்தான் அதைக் கேட்க முடியும். அதனால் கேட்கவில்லை.

கடைசியில் வந்ததை மனப்பாடமாகச் சொல்வேன். "ஆபரேஷன் பண்ணணுமாம்ப்பா. சொந்தக்காரங்க கையெழுத்து வேணுமாம். வாங்கப்பா. உங்களுக்குத்தான் போடத் தெரியுமே."

இரண்டு முறை படித்தேன். அன்றைக்கு லோடு அதிகம். படித்தது அவளுக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. பார்க்காதவனை யார் குறை சொல்ல முடியும்? போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த மூட்டைக்குக் குனிந்தேன்.

அதன்பிறகு அந்த எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை. உங்கள் எண்ணிலிருந்துதான் வந்தது. கையெழுத்துக்காகக் காத்திருந்ததில் நேரம் கடந்துவிட்டது, தாயைக் காப்பாற்ற முடியவில்லை, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று. கூடவே ஒரு படம். ஏற்காத வரைக்கும் படம் மங்கலாகத்தான் தெரியும். நேற்று என் மனைவி எட்டிப் பார்த்து, "அது என்னங்க, புகை மாதிரி?" என்றாள்.

"யாரோ தெரியாதவங்க" என்றேன். அது பொய்யில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் போனிலேயே அந்தப் படத்தைக் காட்டினீர்கள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன், மன்னிக்கவும். மனைவி வேலை முடிந்து வரும் நேரம். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குச் சத்தமாகப் பேச வராது.

தாளில் கேட்டிருப்பதற்குப் பதில் இதுதான்: செய்திகள் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

நீங்கள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோணாமல் நேராக வந்திருக்கிறது. வாத்தியாரம்மா பார்த்தால் சந்தோஷப்படுவாள்.