வரிசையில் மூன்றாவது ஆள்

“மூடாதீங்கன்னா மூடுறீங்களே! இன்னும் கொஞ்சம்… ஆங், அப்படியே.” நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் கன்னத்துக்குள் பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டார்.

“எங்க விட்டேன்? கோர்ட்டு. எனக்கு இதெல்லாம் தேவையா, நீங்களே சொல்லுங்க… வேணாம், பேசாதீங்க. இதோ, இந்த ஜன்னல். எதிர்ல ஒரு அம்மாகிட்ட பையைப் பறிச்சுட்டு ஒருத்தன் ஓடினான். சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். ஒரு நொடி… சரி, ரெண்டு நொடி. அப்புறம் போலீஸ்ல எட்டுப் பேரை வரிசையா நிக்க வெச்சாங்க. மூணாவது ஆளை டக்குனு தொட்டுட்டேன். ‘நல்லா பாத்துச் சொல்லுங்க சார்’னாரு இன்ஸ்பெக்டர். ‘இந்த மூஞ்சியை எங்க பாத்தாலும் தெரியும்’னேன். பெருமை வேற! வீட்டுக்காரி கேட்டா, ‘பொண்ணு எத்தனாவது படிக்கிறான்னு தெரியாது, திருடன் மூக்கு மட்டும் தெரியுமாக்கும்?’னு. பொறாமைன்னு நெனச்சேன்.

ஒரு வாரம் கழிச்சு இன்ஸ்பெக்டர் போன் பண்றாரு. ‘அந்த நேரத்துல பல்லு பாக்கப் போயிருந்தேங்கிறான். உங்க பேரைத்தான் சொல்றான்.’ எனக்கு வந்துதே கோவம்! என்னையே சாட்சிக்கு இழுக்குறானா? ‘வரவே இல்ல’ன்னுட்டேன். பேஷண்ட் கார்டை எடுத்துப் பாத்தேனா? எதுக்கு? நம்ம ஞாபகம்தான் கல்வெட்டாச்சே!

நாக்கை அந்தப் பக்கம்… நேத்து கோர்ட்டுல ‘இவன்தான்’னு விரலை நீட்டினேன். அண்ணாந்து, வாயைப் பொளந்துட்டு, கொழந்தை மாதிரி அழுதான். நாலடி தூரம். மேல் தாடை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின கடவாய்ப்பல். வெள்ளி அடைப்பு. ஓரத்துல லேசா வழிஞ்சிருந்துது… அந்த வழிசல் என்னோடது சார்! மூஞ்சி மறந்தாலும் நான் அடைச்ச பல்லு மறக்காது.

ஓடி வந்து கார்டைத் தேடினேன். திருட்டு நடந்த அதே தேதி. அதே பதினொண்ணரை மணி. ஜன்னல்லேர்ந்து திரும்பினதும் நான் பாத்த மொத மூஞ்சி, இதே நாற்காலியில வாயைத் தொறந்துட்டுப் படுத்திருந்தவன் மூஞ்சி. அதைத்தான் போயி தொட்டிருக்கேன். நாப்பத்தி மூணு நாளா உள்ள கெடக்கான்.

நாளைக்கு மறுபடி விசாரணை. அதோட முடிஞ்சுடுமாம். நான் சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. சொன்னா… இந்தத் தெருவுல அப்புறம் எவன் என்னை நம்பி வாயைத் தொறப்பான்? நீங்க வருவீங்களா? அய்யோ, தலையாட்டாதீங்க, உள்ள ஊசி இருக்கு! சரி… கொப்பளிச்சுத் துப்புங்க.”

அவர் குனிந்து துப்பிக்கொண்டிருந்தார். டாக்டர் மேசைமேல் கிடந்த அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் பிரித்து, மறுநாள் பக்கத்தில் இருந்த ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார்.