குணபால அனுப்பின கப்

இல்லைத் தம்பி, உந்தக் கப்பை வெளியாலை எடுக்காதையும். பையுக்குள்ளையே இருக்கட்டும். வாங்கமாட்டன் எண்டு சொல்லியாச்சு. நீர் பேப்பர்காரர், சமாதானம் பேச வந்த ஆக்களோடை கொழும்பிலையிருந்து வந்திருக்கிறீர், நல்லது. வந்தவர், இந்தச் சாமான் தடையுக்குள்ளை ரெண்டு ரோச் பற்றறி கொண்டுவந்திருந்தால் இந்தக் குருநகர்ச் சனம் உம்மைச் சுருவம் மாதிரித் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுத்தியிருக்கும். சவுக்காரம் எண்டால் என்ரை மனிசியே காலிலை விழுந்திருப்பாள். நீர் வெள்ளிக் கப் கொண்டுவாறீர். உதுக்குள்ளை எவ்வளவு மண்ணெண்ணெய் பிடிக்கும் எண்டு குணபாலவிட்டைக் கேட்டனீரோ?

ஓம், இரும் இரும். கதைக்கிறதுக்கு ஒரு தடையுமில்லை.

நான் கொழும்புக்குப் போனது கடை வேலைக்கு. போய்ச் சேந்தது கோல்ஃப் மைதானத்திலை, துரைமாரின்ரை பை தூக்க. அவை பத்தையுக்குள்ளை பந்து தேடுற நேரத்திலை அடிச்சு அடிச்சுப் பழகி, எண்பத்திமூண்டிலை நான் புரொபஷனல். பெரிய சொல் என்ன? காசுக்கு விளையாடுறவன் எண்டு அர்த்தம். காசுக்கு விளையாடுறவன் முன்வாசலாலை வரப்படாது. குசினியடியிலை நிண்டு சாப்பிடவேணும். அந்த வருசம் நாடு முழுக்க நாலு போட்டி. எல்லாத்தையும் கூட்டிப் பாத்து ஆர் முன்னுக்கு நிக்கிறானோ அவனுக்குத்தான் நீர் காவிக்கொண்டு வந்த உந்தச் சாமான்.

எங்கடை அப்பு கடல்தொழில். உந்த விளையாட்டை அவருக்கு விளங்கப்படுத்தேலாது. மனிசன் அந்தோனியாருக்கு நேத்தி வைச்சார், என்ரை மகனுக்கு எல்லாரையும் விடக் கூட எண்ணிக்கை கிடைக்கவேணும் எண்டு. அந்தோனியார் வஞ்சகமில்லாதவர். நுவரெலியாவிலை கேட்டது அப்பிடியே கிடைச்சுது. எல்லாரிலும் கூட நான்தான் அடிச்சனான். கடைசி. அப்பு, குறைய அடிக்கிறவன்தான் வெல்லுறவன் எண்டு வந்து சொன்னன். அப்ப வீட்டிலை படுத்துக் கிடக்கிறவன்தானே சம்பியன் எண்டார். வலை நிறைஞ்சால் தோல்வி எண்டு சொல்லுறதும் ஒரு தொழிலோடா எண்டு வேறை கேட்டார். என்ன செய்யிறது, அரைமனதோடை நேத்தியை மாத்தி வைச்சார். அடுத்தது திருகோணமலை. வெண்டனான்.

சிரியும், சிரியும். அப்ப நாங்களும் சிரிச்சனாங்கள்தான்.

வெண்டதிலை அந்தோனியாருக்குப் பாதி, பஞ்சலிங்கம் அண்ணைக்குப் பாதி. ஆரோ? என்ரை பை தூக்கினவர். நெல்லியடியார், தோட்டக்காரர், சைவம், என்னிலும் மூப்பு. குழியடியிலை குந்தியிருந்து, தண்ணி விட்டால் எந்தப் பக்கம் ஓடும் எண்டு பாத்துச் சொல்லுவார். பந்தும் அந்தப் பக்கம்தான் ஓடும். நான் சொல்லுக் கேளாமல் அடிச்சுப் பிழைச்சால், கடலுக்குப் போறவனுக்குக் காத்துத்தான் தெரியும், தரை தெரியாது எண்டு எல்லாருக்கும் முன்னாலை நக்கல். என்னோடை போட்டிக்கு விளையாடின சிங்களப் பெடியன் குணபாலவுக்கும் அவரிலை நல்ல விருப்பம். மூண்டுபேரும் ஒரு அறையிலைதான் தங்கிறது. குணபாலவின்ரை குறட்டைக்கு அண்ணை தேவாரம் படிப்பார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் நித்திரை கொள்ளேலாது.

கடைசிப் போட்டி கொழும்பிலை. மழையாலை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போச்சு. யூலை மாசம். எந்தத் திங்கள் எண்டு உமக்குச் சொல்லத் தேவையில்லை. மூண்டு குழிதான் மிச்சம், நான் முன்னுக்கு, குணபால எனக்குப் பின்னாலை. மரங்களுக்கு மேலாலை புகை எழும்புது. ஒரு துரை சொன்னார், அது குப்பை எரிக்கிறாங்கள், நீங்கள் அடியுங்கோ எண்டு. அண்டைக்குக் கொழும்பிலை குப்பை கூடத்தான்.

பிறகென்ன, ஆட்டம் நிண்டுபோச்சு. குணபால என்ரை கையிலை பிடிச்சு வேலியாலை தன்ரை வீட்டை இழுத்துக்கொண்டு போனான். மைதானத்துக்குப் பின்பக்கம்தான் வீடு. அண்ணை வரமாட்டன் எண்டிட்டார். ஒரு வீட்டிலை ரெண்டுபேரை ஒளிக்கேலாது, நான் பை தூக்கிறவையின்ரை கொட்டிலுக்குள்ளை இருக்கிறன், அங்கை ஆர் தேடப்போறாங்கள் எண்டார்.

நான் பிறகு சரக்குக் கப்பலிலை காங்கேசன்துறையிலை வந்து இறங்கினன். கமிற்றி கூடிக் கப்பைக் குணபாலவுக்குக் குடுத்திட்டினம். என்ரை பேரைச் சொல்லி, அடைக்கலநாதன் போட்டியிலையிருந்து விலகிக்கொண்டார் எண்டு அறிவிச்சவையாம். எவ்வளவு மரியாதையான சொல் பாத்தீரோ? விலகிக்கொண்டார்.

கோவமோ? குணபாலவோடையோ? சீ. கப்புக்காக ஆரும் கோவிப்பினமோ? இந்தப் பன்ரண்டு வருசத்திலை குண்டு போட்டவங்கள் எல்லாரோடையும் நான் கோவிச்சு முடியேல்லை, குணபாலவுக்கு எங்கை நேரம்?

அலுமாரிக்குள்ளை இருந்தனான் தம்பி. வாசலிலை சனம். தமிழன் எங்கை எண்டு கேக்கிறாங்கள். இஞ்சை இல்லை எண்டு குணபால சொல்லுறான். அவங்கள் போகினமில்லை. திரும்பவும் கேக்கிறாங்கள். வீட்டைக் கொளுத்துவம் எண்டுறாங்கள். அவன்ரை சின்னப் பிள்ளை வீரிட்டு அழுகுது. அப்பதான் சொன்னான், இஞ்சை ஒருத்தருமில்லை, கொட்டில் பக்கம் போய்ப் பாருங்கோ எண்டு. சிங்களம் எனக்கு நல்லா விளங்கும். அவங்கள் அந்தப் பக்கம் போனாங்கள்.

அவனிலை என்ன பிழை? அவன் அதைச் சொல்லாட்டி நான் இப்ப உமக்கு முன்னாலை இருந்து பகிடி விடுவனோ? எனக்கு அவன் நன்மைதான் செய்தவன். எனக்கு ஏன் கப் அனுப்பவேணும்? அவனுக்கு வீடு மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

பஞ்சலிங்கம் அண்ணையின்ரை தாய் நெல்லியடியிலை இன்னும் இருக்கிறா. மகன் கலவரத்திலை செத்தவன் எண்டுதான் அவவுக்குத் தெரியும், வேறையொண்டும் தெரியாது. மினிபஸ் ஓடுது, நீர் விரும்பினால் கொண்டுபோய்க் குடுக்கலாம். நான் ஒருக்காலும் போகேல்லை. அந்தத் தாய்க்குக் கண் சரியில்லையாம், தடவித்தான் பாப்பா. பாத்திட்டு, என்ரை பிள்ளை என்ன செய்ததுக்கு மேனை இது எண்டு உம்மைக் கேப்பா. நீர் எழுதிறவர்தானே, போற வழியிலை யோசிச்சுக்கொண்டு போம்.