ஜீப்பை உயர்த்தப் போனவர்கள்

அடுத்தவர் குடும்பப் பேச்சை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். முருகனை நினைத்துக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

எண்பதுகளில் ஒரு நாள், மேட்டூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் பால் கேன் ஏற்றிப் போகிற ஜீப்பின் அடிப்பாகம் ஓடைக் கல்லில் இடிக்கிறதாம். கூடுதலாக ஸ்பிரிங் பட்டை வாங்கிப் போட்டு வண்டியை உயர்த்த வேண்டுமென்று சேலத்துக்குக் கிளம்பியிருந்தார்கள்.

மேச்சேரி தாண்டியதும் விவசாயி சொன்னார்: "உங்கக்காளைக் கேக்காம ஜீப்பை ஒசத்தக் கூடாது மாப்ளே."

"ஏனுங்க மாமா, அக்கா என்ன மெக்கானிக்குங்களா?"

"கால் வெளங்காமப் போனதுல இருந்து அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு ஆளு புடிக்கோணும். ஜீப்புல மட்டுந்தான் கம்பியப் புடிச்சு அவளா ஏறுறா. நாலு இஞ்சு ஒசந்தா முடியாது."

"நீங்க தூக்கி உக்கார வெய்யுங்க. கைய என்ன வாடகைக்கா உட்டிருக்கீங்க?"

"நான் தூக்குவேன் மாப்ளே. அதுக்கப்பறம் அவ கோயிலுக்குக்கூட வண்டி ஏறமாட்டா."

"அப்ப கீழ ஒரு படி வெல்டு வெச்சுரலாங்க."

"கல்லுல மொதல்ல அதுதான இடிக்கும்?"



"ஜீப்பு அப்படியே இருக்கட்டுங்க மாமா. நாளைக்குக் கடப்பாரையோட வாரேன். கல்லைப் பேத்துரலாம்."

இருவரும் ஓமலூரிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் மேட்டூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

இதை யாருக்காவது சொன்னால், அந்த அம்மாளைப் பரிதாபத்துக்குரியவளாக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.