நட்டை முடுக்கிய மாப்பிள்ளை

பழைய லேத் வாங்குகிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, அதற்குப் பெயின்ட் அடிப்பது. கிழவனுக்குத் தலைச்சாயம் பூசிப் பெண் பார்க்க அனுப்புகிற மாதிரி. நான் என்னுடையதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன், அவ்வளவுதான். பல வருஷத்துப் பிசுக்கு கழன்று வந்ததும் அடியில் இரும்பு மங்கலாகச் சிரித்தது. அதன் வயதுக்கு அது நல்ல சிரிப்பு.

நீங்கள் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். லேத் வழியாகத்தான் அவரிடம் வர முடியும். குறுக்கு வழி கிடையாது.

நான் கடைசல்காரன், லேத்தில் இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிறவன். மீசை முளைத்ததிலிருந்து ஆலையில் லேத்துக்கு முன்னால் நின்றவன். புதிதாக ஒரு மேனேஜர் வந்தான். எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் அவன் வயதுதான் இருக்கும். “கை நடுங்குது பெரியவரே, போய் ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டான். வாசலில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வேலை இல்லாதவனுக்கு மணி என்னத்துக்கு என்று யாரும் யோசிக்கவில்லை.

என் கை நடுங்காது. அதை நிரூபிக்க ஒரே வழி இருக்கிறது. ஒரு இரும்புக் கம்பியைக் கடைந்து, இந்த முனையிலும் அந்த முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு காட்டினால் கை சரி. அந்தக் கம்பியை மேனேஜரின் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வர வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். சாகும்வரைக்கும் அது போதும்.

வீடு அப்பா விட்டுப்போனது. அவரும் கடைசல்காரர்தான். எனக்கும் தங்கைக்கும் பொது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்பக்கம் தங்கையும் அவள் புருஷனும் இருந்தார்கள். பின்னறையில் உடைந்த நாற்காலிகளும் ஒரு பெருச்சாளிக் குடும்பமும் குடியிருந்தன. பழைய லேத் ஒன்று வாங்கி வைக்க அந்த அறையைக் கேட்டேன், தங்கை மறுக்கவில்லை. “எடுத்துக்கோண்ணே. நீ சும்மா உக்காந்திருந்தா எங்க உசுரத்தான் எடுப்ப” என்றாள்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குடி இல்லை, கைநீட்டல் இல்லை. பஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவர். ஓய்ந்தபின் பார்க்க பஸ் இல்லாததால் எங்களைப் பார்த்தார். தெருவே அவரை ‘யோசனை’ என்றுதான் கூப்பிடும். பள்ளம் தோண்டுகிறவனுக்குக் கடப்பாரை பிடிக்கச் சொல்லித் தருவார். பல் வலி என்று போனால் டாக்டருக்கே பல் எண்ணிக் காட்டுவார். அவர் சொல்வது பெரும்பாலும் தப்பாக இருக்கும். குரல் மட்டும் சரியாக இருக்கும்.

பின்னறைத் தரையை உடைத்துப் புதுசாகக் கான்கிரீட் போட்டேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் அதன்மேல் ஏறி நின்றார். காயவில்லை. செருப்புத் தடம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, நீங்கள் போட்டோ எடுத்திருப்பீர்கள். தடத்தின்மேல் லேத்தின் கால் வராதபடி தள்ளி வைத்தேன்.

லேத்தை நிறுத்துவது என்றால் கொண்டுவந்து இறக்குவது இல்லை. அதன் முதுகெலும்பு ஒரு நீளமான இரும்புப் படுகை. பார்த்தால் யானை ஏறி நின்றாலும் அசையாது போலிருக்கும். ஆனால் நான்கு காலில் ஒரு கால் நூலளவு இழுபட்டால் போதும், படுகை முறுகும். ஈரத்துணியின் ஒரு முனையை மட்டும் திருகினால் எப்படி, அப்படி. படுகை முறுகினால், கடைகிற கம்பி ஒரு முனையில் பெருத்து மறுமுனையில் சிறுக்கும். அதனால் குறுக்கே ரசமட்டம் வைத்து, காலடியில் மெல்லிய தகடு சொருகி, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பார்க்க வேண்டும். கடைசியில் தரைப் போல்ட்டின் நட்டை விரலால் திருகி, தொட்டும் தொடாமலும் விட வேண்டும். அங்கேதான் தொழில் இருக்கிறது. முடுக்குவதற்கு எந்த மாடும் போதும்.

நான் அப்படி நிறுத்தினேன். குமிழி நடுவில் நின்றது. மறுநாள் கம்பியை மாட்டிக் கடைந்தேன். ஒரு முனை பெருத்து வந்தது.

தரை இறங்குகிறது என்று நினைத்தேன். மறுபடி தகடு மாற்றினேன், குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் மறுபடி கோணல். திரும்பத் திரும்ப இதே கதை. இரும்பை வெட்டும் டூலைத் தீட்டினேன். கண்ணாடியை மாற்றினேன். கடைசியில் கையை வெளிச்சத்தில் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுங்குகிறதா என்று பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எவன் கையும் நடுங்கும். அந்த மேனேஜர் சொன்னது சரிதான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். அப்போது நான் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருந்தால் என்மேல் வழக்குப் போட்டிருக்கமாட்டீர்கள், சாப்பாடு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள்.

ஒரு மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

“என்ன மச்சான், தட்டையே முறைக்கிறீங்க?” என்றார் மாப்பிள்ளை.

“கம்பி ஒரு பக்கம் பெருசா வருது மாப்பிள்ளை. என்னன்னு பிடிபடல.”

“வயசாகுதுல்ல. கண்ணு, கை எல்லாம் முன்ன மாதிரியே இருக்குமா?” என்றவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, “அதுகூடப் பரவால்ல, பாதுகாப்புல நீங்க ரொம்ப மோசம். வலது பக்கக் கால்ல நட்டு லொடலொடன்னு கிடக்கு. நல்லவேளை நான் பாத்தேன். டெய்லி ஸ்பேனரைப் போட்டு ஒரு முடுக்கு முடுக்கிடறேன்.”

“டெய்லியா?”

“பின்ன? நீங்க டெய்லி மறந்துடறீங்களே.”

தங்கை சிரித்தாள். “உன்னப் பாத்துக்கவும் ஒரு ஆள் இருக்கு பாருண்ணே.”

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தட்டை வீசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். கோபக்காரர்களால் பெரிய சேதம் வராது என்பது என் அனுபவம். நான் அவரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், ரசமட்டத்தைக் காட்டி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி விளக்கினேன்.

“இந்த நட்டை இப்படித்தான் விடணும் மாப்பிள்ளை.”

“லூசாவா? பஸ் சக்கரத்த இப்படி விட்டா எத்தன பேரு சாவான் தெரியுமா?”

“இது பஸ் இல்ல.”

“இரும்பு இரும்புதான் மச்சான்.”

மறுநாள் காலை நட்டு முடுக்கியிருந்தது. எனக்குத் தெரியாமல் இருக்க அதன்மேல் கொஞ்சம் தூசியும் தூவியிருந்தார். தூசி தூவிய கைக்கு, தான் செய்வது என்னவென்று தெரிந்திருக்கிறது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அவருடைய இன்னொரு யோசனை கையுறை. “வெறுங்கையால இரும்புகிட்ட நிக்கிறீங்களே, கிளவுஸ் போடக்கூடாதா?” என்று லேத் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் படும். எங்கள் தொழிலில் ஓடுகிற லேத்தருகே கையுறை போட்டு நின்றால் பட்டறையை விட்டே துரத்துவார்கள். வெறுங்கை மாட்டினால் தோல் கிழியும், விரல் போகும், மிச்ச ஆள் வீட்டுக்குப் போவான். கையுறை கிழியாது. அது விரலைப் பிடிக்கும், விரல் கையை இழுக்கும், கை தோளை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்கிறதை அவர் கேட்பதில்லை என்று நட்டு விஷயத்தில் பார்த்துவிட்டேன்.

“நீங்களும் ஒரு நாள் கடைஞ்சு பாருங்களேன்” என்றேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

முதல் நாள் சூடான இரும்புச் சுருள் ஒன்று அவர் மணிக்கட்டில் விழுந்து பொரிந்தது. “நான் சொன்னேன்ல, கிளவுஸ் வேணும்னு” என்றார். நான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெல்லிய துணிக் கையுறை எடுத்துக் காட்டினார். இழுத்துப் பார்த்தேன், நூல் விட்டது. இதைவிட உறுதியாக வேண்டும் என்றேன். நெருக்கமாகப் பின்னி, உள்ளங்கையில் ரப்பர் ஒட்டியது ஒன்று கொடுத்தார். அதைக் கிழிக்க என்னால் முடியவில்லை. அதையே வாங்கினேன்.

மறுநாள் காலையில் தங்கை சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அன்று விடிந்ததும் நட்டை நான் விரலால் விட்டிருந்தேன். கம்பியை நானே கடைந்து அளந்தேன். இரண்டு முனையும் ஒன்று. மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தேன். ஒன்றேதான். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். வேலை பாதியில் நிற்பது எனக்கு ஒத்துவராது.

“பளபளப்பு மட்டும் நீங்க ஏத்துங்க மாப்பிள்ளை” என்று, புதுக் கையுறை மாட்டியிருந்த அவர் கையில் உப்புத்தாளை நீளமாகக் கிழித்துக் கொடுத்தேன். துணி ஒட்டிய உப்புத்தாள், அதுவும் லேசில் அறாது. “கம்பியச் சுத்தி நல்லா இறுக்கிப் பிடிங்க.” லேத்தை வேகத்தில் ஓடவிட்டு, சுவரோரம் சுவிட்சருகே வந்து நின்றேன்.

“இந்த சுவிட்ச இவ்வளவு தூரத்துல வெச்சிருக்கீங்களே, இங்க பக்கத்துல...” என்று ஆரம்பித்தார்.

அவர் சொன்ன யோசனைகளில் சரியானது அது ஒன்று. முடிக்கவில்லை.

எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது என்று முன்பு வந்த அதிகாரியிடம் சொன்னேன். அது உண்மை இல்லை. நேரம் இருந்தது. அவர் “மச்சான்” என்று கூப்பிட்டார். முழங்கை போகும்போது ஒரு தடவை, தோள் போகும்போது ஒரு தடவை. பின்னால் யோசனை எதுவும் வரவில்லை. என் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். நடுங்கவில்லை. சத்தம் மாறியதும் அணைத்தேன். பிறகு ரசமட்டத்தை எடுத்துப் படுகையின்மேல் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு பாரம் இழுத்தும் குமிழி அசையவில்லை. அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டேன்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். “கிளவுஸெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கீங்க, உங்களால முடிஞ்சத செஞ்சீங்க” என்று தோளைத் தட்டினார். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் தங்கை என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, அவருக்குக் கிளவுஸ் யார் குடுத்தது?”

“அவர்தான் கேட்டாரு.”

“கேட்டது இருக்கட்டும். குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“சின்ன வயசுல நீ கையுறை போட்டுட்டு அப்பா லேத்துகிட்டப் போய் நின்ன. அப்பா உன்னத் தெருமுனை வரைக்கும் துரத்தி அடிச்சாரு. குறுக்க விழுந்ததுல எனக்கும் சேத்து அடி.”

“அதெல்லாம் எப்பவோ நடந்தது.”

“எனக்கு எப்பவோ இல்லண்ணே.”

அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் நிலையத்துக்கு நடந்தே வந்தாள். கால் வலிக்காரி, ஒரு வண்டி பிடித்திருக்கலாம். நான் சொன்னால் இப்போது கேட்கமாட்டாள்.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். திட்டம் போட்டு, பொருள் வாங்கி, அருகில் நின்று கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நேற்று இங்கே என்னைப் பார்க்க வந்த தங்கை ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். வழக்கு முடிந்ததும் லேத்தைப் பழைய இரும்புக்கடைக்காரனுக்குக் கொடுத்துவிடப் போகிறாளாம். முழுசாக வெளியே கொண்டுபோகக் கூலி கட்டாது என்று அவன் சொன்னானாம், அதனால் அங்கேயே சம்மட்டியால் அடித்துத் துண்டு துண்டாக உடைத்து எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லாமல் இதைச் சொல்கிறாள். என் கூடப்பிறந்தவள். இப்படி ஒரு ஈவிரக்கம் இல்லாதவளோடு ஒரே வீட்டில் இத்தனை காலம் நான் எப்படித்தான் இருந்தேனோ, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.