ஐந்தாவது குரல்

பாறசாலையில் பொழியூர் பேருந்து புறப்படக் காத்திருந்தது. என் முன் இருக்கையில் ஒரே சபைப் பாடகர் குழுவைச் சேர்ந்த இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். தாடிக்காரர் சொன்னது என்னை நிமிர வைத்தது.

"இந்தப் பாட்டு யூதம்மாரு செத்தவியளுக்கு வேண்டி சொல்லுக ஜெபமாக்கும். ஆனா சாவப் பத்தி அதுல ஒரு வார்த்தையும் கிடையாது."

"பின்ன என்ன உண்டு?"

"தெய்வத்தப் புகழுகது மட்டும். நானூறு வருசம் முந்தி இத்தாலியில ஒரு யூதர், அவிய ஜெபாலயத்துல பாடுகதுக்கு அஞ்சு குரலுல இசை போட்டாரு."

"நமக்கு எதுக்குலே அது?"

"ஸ்டீபனுக்க பெண்டாட்டி அடக்கப் பாட்டு ஒண்ணும் பாட விடமாட்டேங்கா. கடலுல அவனுக்க வள்ளம் கவுந்து மாசம் ஒண்ணாச்சு, உடலு கிடைக்கல்லல்லா. அவன் வருவாண்ணு இருக்கா. இதுண்ணா பாடலாம்."

வண்டி கிளம்பியது. மற்றவர் நடத்துநரிடம் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பினார்.

"செத்தவியளுக்குள்ள பாட்டுண்ணு அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஒளிக்கல்ல. வார்த்தைய எல்லாம் கேட்டுட்டு, பாடுங்கண்ணு சொன்னா."

"நம்ம குழுவுல அஞ்சாவது குரலு, அடியில பாடுக பேஸ், ஸ்டீபனுக்கதுல்லா? இப்போ ஆரு பாடுவா?"

"அதையும் கேட்டேன் மக்கா. அவனுக்க எடத்துல ஆரும் நிக்கப்பிடாதுண்ணு சொல்லிட்டா."